பெயின்ட் கடைசியில்: ராயபுரம் ரயில் நிலையக் கட்டிடம், ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய கட்டிடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்பினால் முதலில் வந்து இறங்குவது பெயின்ட் டப்பா. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிடும், முகப்பு பளிச்சென்று தெரிய வேண்டும், ஆகவே வேலை முகப்பில் தொடங்கும். கூரை யார் கண்ணிலும் படாது, அது கடைசி. இரண்டு ஐப்பசி தாண்டுவதற்குள் புதுப் பெயின்ட் அப்பளம்போலக் கொப்பளித்து நிற்கும். அப்புறம் சுரண்டல், பட்டி, மறுபடி பெயின்ட். வடசென்னையின் பழைய ரயில்வே கட்டிடங்களுக்கு நேர்கிற கேட்டில் பெரும்பகுதி கடற்காற்றால் வருவதல்ல, இந்த வரிசைக் குழப்பத்தால் வருவது.

ராயபுரம் நிலையத்தை எடுத்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்ப்போம். கீழே சொல்லும் கட்டுமான முறைகளும் பழுதுகளும் அந்தக் கட்டிடத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அதே காலத்தில் அதே கைகள் கட்டிய மெட்ராஸ் கட்டிடங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ராயபுரத்தில் ஏன்

பம்பாயில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 16 ஏப்ரல் 1853 அன்று பயணிகள் ரயில் ஓடியது. கல்கத்தா பக்கம் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 15 ஆகஸ்ட் 1854. மூன்றாவதாக வந்தது மெட்ராஸ். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853-ல் வேலையைத் தொடங்கி, 1856 ஜூன் 28 அன்று கவர்னர் லார்ட் ஹாரிஸ் ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி. வாலாஜா ரோடு வரை, 100 கிலோமீட்டர் சொச்சம். போரிபந்தரிலும் தாணேவிலும் அன்று எழுந்த கட்டிடங்கள் இன்று இல்லை. அதனால்தான் இந்தியாவில் மிச்சமிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டிடம் என்ற பெயர் ராயபுரத்துக்கு.

தண்டவாளம் என்று மட்டும் பார்த்தால் மெட்ராஸ் இன்னும் முந்திக்கொண்டது. 1837-லேயே செங்குன்றத்திலிருந்து நகரத்துக்குச் செம்பாறைக் கல் ஏற்றிவர ஒரு பாதை போட்டார்கள். அது சரக்குப் பாதை. நிலையம் என்று சொல்லும்படி அதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

இடத்தேர்வுக்குக் காரணம் கடல். அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகு அலையைக் கடந்து சாமானைக் கரைசேர்க்கும். இரும்பும் இயந்திரமும் வந்தது கடல் வழியாகத்தான். அந்தப் படகுக்காரர்கள் குடியிருந்த ஊர் ராயபுரம். ஊர்ப் பெயரே அவர்கள் கும்பிட்ட புனித ராயப்பர் பெயர். கோட்டையும், வணிகர்கள் நெருங்கி வாழ்ந்த கருப்பர் நகரமும் தெற்கே கூப்பிடு தூரத்தில். சரக்கும் பயணியும் ஒரே இடத்தில் கிடைக்க இதைவிட நல்ல இடம் அன்றைக்கு இல்லை.

நிலைமை மாறியது 1873-ல். பார்க் டவுனில் சென்ட்ரல் வந்தது, நீண்டதூர வண்டிகள் மெல்ல அங்கே நகர்ந்தன. 1908 ஜனவரியில் மெட்ராஸ் ரயில்வே, சதர்ன் மராட்டா ரயில்வேயுடன் இணைந்தது. புதிய கம்பெனி 1922-ல் சென்ட்ரலை ஒட்டி எழுப்பிய பெரிய தலைமையகக் கட்டிடத்தில்தான் இன்று தெற்கு ரயில்வே இருக்கிறது. ராயபுரம் புறநகர் வண்டிகளும் சரக்கும் போகும் நிலையமாகச் சுருங்கியது. இதை ஊர்க்காரர்கள் இழப்பு என்பார்கள், நியாயம்தான். ராயபுரத்தை மறுபடி முனையமாக்க வேண்டும் என்பது வடசென்னையின் நெடுநாள் கோரிக்கை. ஆனால் கட்டிடத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி. நெரிசல் மிகுந்த நிலையமாகத் தொடர்ந்திருந்தால் என்றோ இடித்துப் பெரிதாக்கியிருப்பார்கள். புறக்கணிப்பு அதைக் காப்பாற்றியது. 2005-ல் பெரிய அளவில் சீரமைப்பு நடந்தது.

தூண் கல் அல்ல

முகப்பு கிரேக்க, ரோமானியக் கட்டிடக்கலையைப் பார்த்துச் செய்தது. வரிசைத் தூண்கள், அவற்றின் மேல் நீளமாக ஓடும் கார்னிஸ் என்ற துருத்திய விளிம்பு, உள்ளே உயரமான கூடங்கள், நீண்ட வராந்தா. பின்னாளில் வந்த எழும்பூரின் குமிழ் மாடங்களோ சென்ட்ரலின் மணிக்கூண்டோ இங்கே இல்லை. அவை 'நான் ரயில் நிலையம்' என்று தனி உருவம் பிடித்த காலத்தவை. 1856-ல் ரயில் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே தோட்ட பங்களாவுக்கும் அரசு மாளிகைக்கும் பழகியிருந்த முகத்தையே இதற்கும் வைத்தார்கள்.

மெட்ராஸ் பாணியில் இந்தத் தூண் பொதுவாகக் கல் இல்லை. உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. செங்கல்லை வட்டமாக அடுக்கி, காரையால் உருட்டி, கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துப் பளிங்குபோல ஆக்கியிருப்பார்கள். அந்த மெருகுக்கு மெட்ராஸ் சுண்ணம் என்று வெளியூரிலும் பெயர் இருந்தது. தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். கெட்டியாக ஒட்டியிருக்கும் பூச்சு மந்தமான ஒலி தரும். விட்டுப்போன இடம் பானையைத் தட்டுவதுபோல் கேட்கும். 'பொத்தா கேக்குது சார்' என்று கொத்தனார் சொன்னால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, வரைபடத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும். பொத்து என்றவுடன் உடைப்பது தவறு. உள்ளங்கை அளவு பொத்து வருஷக்கணக்காக நிற்கும். விளிம்பில் வெடிப்பு ஓடி, அதற்குள் தண்ணீர் போகிறதென்றால்தான் எடுக்க வேண்டும்.

தூணைக் கெடுப்பது பெரும்பாலும் திருத்தியமைக்கும் கை. கிளாசிக்கல் தூண் நேர்க்கோட்டில் ஏறாது. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம் ஏறக்குறைய ஒரே பருமன். அதற்கு மேல் வயிறு தெரியாத அளவுக்கு மெல்ல வளைந்து இளைக்கும். உச்சியில் அடிப் பருமனில் ஆறில் ஐந்து. அடியில் 60 சென்டிமீட்டர் என்றால் மேலே 50. இது தெரியாத கொத்தனார் மட்டக்கோலை வைத்து, 'தூண் கோணலா இருக்கு' என்று நேராக்கிவிடுவார். நேராக்கிய தூண் தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் இடுப்பு ஒடுங்கினாற்போல் தெரியும். பூச்சைத் தொடும் முன்பு, நன்றாக நிற்கும் தூண் ஒன்றின் பக்கவாட்டுக் கோட்டை அப்படியே தகரத்தில் வெட்டி எடுத்து, பலகையில் அறைந்து, அந்த அச்சை வைத்துத்தான் மற்றவற்றை இழுக்க வேண்டும். அதற்கும் முன்னால் பழைய பெயின்டைச் சுரண்டிவிட வேண்டும். பல கோட் ஏறிய தூணில் அளவெடுத்தால் பெயின்டின் உருவம்தான் கிடைக்கும், தூணின் உருவம் கிடைக்காது.

மெட்ராஸ் டெரஸ்

வேலை கூரையில் தொடங்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்ற அந்தக் காலக் கூரை இப்படி: சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்கே ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சின்ன விட்டங்கள். அவற்றின் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள மெல்லிய செங்கல்லைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, விட்டத்துக்கு 45 டிகிரி சாய்வாக, சுண்ணாம்புக் கலவையில் நெருக்கி அடுக்குவார்கள். கீழே முட்டுப் பலகை வேண்டாம். மூலையிலிருந்து தொடங்கி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டே வரும். சாய்வாக வைப்பதால் சுமை இரண்டு மூன்று விட்டங்களுக்குப் பகிரும். சதுர மீட்டருக்குச் சுமார் 200 கல் பிடிக்கும். 100 சதுர மீட்டர் கூடம் என்றால் 20,000, உடைசல் சேர்த்து இன்னும் ஓராயிரம். இந்த அளவுக் கல் இப்போது சூளையில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்று வீட்டுச் செங்கல்லை மிஷினில் அறுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அறுத்த முகம் வழவழவென்று இருப்பதால் கலவை பிடிக்காது, கல் ஒவ்வொன்றாக நழுவும்.

அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த 75 மில்லிமீட்டர் தளம். அதற்கு மேல் தட்டோடு. சென்னையில் எல்லோரும் இந்த அடுக்கைச் 'சுர்க்கி போடறது' என்பார்கள். உண்மையில் சுர்க்கி என்பது செங்கல் தூள். கடைக்காரரிடம் சுர்க்கி என்று கேட்டால் ஜல்லி வருமா தூள் வருமா என்பது அவரவர் பேட்டையைப் பொறுத்தது. கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

தளத்துக்குத் தமிழ்நாடு பொதுப்பணித் துறை விகிதம் கன அளவில் 32 பங்கு 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு. மணல் கிடையாது. 9 கன மீட்டர் ஜல்லி எடுத்தால் சுண்ணாம்பு 3½ கன மீட்டர். ஜல்லியை முதல்நாளே தண்ணீர் குடிக்க விட வேண்டும். உலர்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் கலவை இறுகாமல் மாவாக நிற்கும். பரப்பிய பின் சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவது. இதை ஒருநாள் வேலையாக முடிப்பதுதான் இன்றைய பெரிய தவறு. தட்டத் தட்ட ஜல்லிக்கு இடையில் உள்ள காற்று வெளியேறி, சுண்ணாம்புப் பால் மேலே வரும். மறுநாள் வெடிப்பு காணும், அதையும் தட்டி மூட வேண்டும். கட்டை தளத்தில் பட்டதும் துள்ளி எழும்பும் வரை தட்டல் ஓயக் கூடாது. அதற்குப் பல நாள் ஆகும்.

தட்டும்போது தெளிப்பது கடுக்காய்த் தண்ணீர். 10 சதுர மீட்டருக்கு 40 லிட்டர் தண்ணீர், 600 கிராம் கடுக்காய், 200 கிராம் வெல்லம். கடுக்காயை இடித்து, வெல்லத்தோடு 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். சக்கையோடு தெளித்தால் தளத்தில் கறை பிடிக்கும். வெல்லத்தைக் கூட்டினால் இன்னும் கெட்டிப்படும் என்று நினைப்பது வழக்கம்; இறுகுவது தள்ளிப்போவதும், எறும்பு வருவதும்தான் பலன்.

கூரையில் மோசமான பழுது கண்ணுக்குத் தெரியாதது: எடை. ஒழுகும்போதெல்லாம் பழையதை எடுக்காமல் மேலே இன்னொரு அடுக்கு போட்டுவிடுவார்கள். 75 மில்லிமீட்டர் ஜல்லித் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிலோ. 100 சதுர மீட்டருக்கு 14 டன். இரண்டு தடவை இப்படிப் போட்ட கூரையின் தேக்கு, தனக்குக் கணக்குப் போடாத 28 டன்னைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கும். கூரை ஓரத்தில் கைப்பிடிச் சுவரின் உயரத்தை அளந்தால் இது பிடிபடும். ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டதென்றால் தளம் ஏறிவிட்டது. ஒரு சதுர அடியில் தோண்டிப் பார்த்து எத்தனை அடுக்கு என்று எண்ணிய பிறகுதான் ஒப்பந்தப் புள்ளி எழுத வேண்டும்.

விட்டம் அழுகுவது நடுவில் இல்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். அங்கே காற்று போகாது, கூரையோரத் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி அங்கேதான் தங்கும், கரையானுக்கும் அதுவே வாசல். கீழிருந்து பார்க்கையில் மரம் தேன்நிறத்தில் அழகாக இருக்கும். சுவரோரம் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கும். இறங்கினால் முழு விட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட முனையைச் சாய்வாக அறுத்து, அதே வயதுப் பழைய தேக்கில் ஒட்டுப் போட்டு, போல்ட் கட்டலாம். கடற்கரை ஊரில் போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சுவர்க் குழியில் முனையைச் சுற்றி ஓரங்குலம் காற்றுக்கு விட வேண்டும். கலவையால் அடைத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதே வேலை.

தொய்வு பார்க்க நூல் போதும். 4 மீட்டர் விட்டத்தின் இரு முனைக்கும் நூல் இழுத்து நடுவில் அளந்தால் 15 மில்லிமீட்டர் வரை பழைய மரத்துக்குச் சகஜம். அதைத் தாண்டினால் மேலே உள்ள எடையைத்தான் முதலில் குறைக்க வேண்டும். பலர் கீழே இரும்பு கர்டர் முட்டுக்கொடுத்துவிட்டு எடையை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

குழாயும் செடியும்

100 மில்லிமீட்டர் மழைக்குழாய் ஒன்று, மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையில் சுமார் 85 சதுர மீட்டர் கூரைத் தண்ணீரை இறக்கும். மழை 150 ஆனால் 57 சதுர மீட்டர்தான். வங்கக் கடலில் புயல் நிற்கும் கார்த்திகை இரவில் பின்னதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய வார்ப்பிரும்புக் குழாய் பல கட்டிடங்களில் சுவருக்குள் புதைந்திருக்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் இணைப்பு விட்டுப்போனால் வெளியில் தெரியாது. உள்சுவரில் தரையிலிருந்து ஆளுயரத்தில் ஈரத் திட்டு வந்த பிறகே தெரியும். அதைச் சுவர் ஓதம் என்று தவறாக நினைத்துக் கீழே மருந்து ஊசி போடுவார்கள். வித்தியாசம் சுலபம்: ஓதம் கீழிருந்து ஒரே மட்டமாக ஏறும், குழாய்க் கசிவு மேலிருந்து நாக்குபோல இறங்கும். புதைந்த குழாயை அடைத்துக் கைவிட்டு, வெளியில் தெரியும்படி புதுக் குழாய் இறக்குவதே எங்கள் பரிந்துரை. முகப்பின் அழகு கொஞ்சம் குறையும், கட்டிடம் நிற்கும்.

கார்னிஸில் முளைக்கும் அரசையும் ஆலையும் பிடுங்கவே கூடாது. தண்டு கையோடு வரும், வேர் உள்ளே தங்கி இரட்டிப்பாகக் கிளைக்கும். இழுத்த வேகத்தில் செங்கல்லும் வரும். தண்டை ஒட்ட வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்துக் காய்ந்த பிறகு அந்த இடத்துக் கட்டு வேலையைப் பிரித்து, வேரை எடுத்து, மறுபடி சுண்ணாம்பில் கட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரையில், ஓர் ஆள் கூரையோரம் சுற்றிவந்து விரல் நீளக் கன்றுகளை எடுத்தால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது.

நடைமேடை ஏறியது

ரயில் நிலையத்துக்கு என்றே ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைத் தள்ளி இறுக்கும்போதெல்லாம் அதன் மட்டம் கொஞ்சம் ஏறும். நடைமேடையும் கூடவே ஏறும். உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்து நடைமேடை இவ்வளவு உயரம் இல்லை. பழைய கட்டிடத்தின் அடிப்பீடத்தை ஒட்டிக் கான்கிரீட் போட்டு நடைமேடையை உயர்த்தினால், அடிப்பீடத்தின் காற்றுத் துளைகள் புதைந்துபோகும். தரையில் விழும் மழை சுவரை நோக்கி ஓடும். சுவரின் அடி எப்போதும் நனைந்தே இருக்கும்.

நனைந்த சுவரில் வடசென்னையின் உப்பு வேலையைத் தொடங்கும். கடல் ஒரு கிலோமீட்டருக்குள். உப்பு கரைந்த ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியாக ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் இரண்டு மூன்றடி உயரத்துக்குள் வெளியேறி ஆவியாகிவிடும். உப்பு வெளியே வெள்ளையாகப் பூக்கும், துடைப்பத்தால் பெருக்கிவிடலாம். பூச்சு நாளடைவில் உதிரும். உதிரட்டும், செங்கல்லுக்குப் பதிலாக அது உதிர்கிறது. அதற்குத்தான் அது இருக்கிறது.

இதே சுவரில் 'ஓதத்துக்கு நல்லது' என்று ஐந்தடி உயரம் சிமென்ட் பூசினால், ஈரம் வெளிவர வழியில்லாமல் சிமென்ட் முடியும் இடம் வரை ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்திலேயே படிகமாகும். படிகம் வளர்கிற அழுத்தத்தில் செங்கல் மாவாகும். வெளியே சிமென்ட் கெட்டியாக, நல்ல நிறத்தில் இருக்கும். ஒருநாள் மூன்றடிப் பாளமாகக் கழன்று விழும்போது அதோடு செங்கல் முகமும் ஒட்டிக்கொண்டு வரும். சிமென்டின் பலமே இங்கே குற்றம். பூச்சு எப்போதும் சுவரைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும்.

இருக்கிற சிமென்டை உடனே உடைத்தெறிய வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு சதுர அடியில் தட்டை உளியால் மட்டும், ஓரத்திலிருந்து உள்நோக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். செங்கல் முகம் பெயரவில்லை என்றால் தொடரலாம். பெயர்ந்தால் நிறுத்திவிட்டு, தானாகப் பொத்துவிடும் வரை காத்திருப்பது மேல். பிரேக்கர் மிஷின் கூடவே கூடாது.

வரிசை: முதலில் நடைமேடையின் சாய்வை வெளிநோக்கித் திருப்பி, சுவரோரம் ஓரடி அகலத்துக்குக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து, ஜல்லி நிரப்பிய வடிகால். பிறகு காற்றுத் துளைகளைத் திறப்பது. பிறகு ஒரு பருவமழையும் ஒரு கோடையும் சுவரைச் சும்மா விடுவது. ஒப்பந்தக்காரர், அதிகாரி, செய்திக்காரர் மூவருக்கும் பிடிக்காத கட்டம் இது. ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். சுவர் காய்வது இப்போதுதான். உப்பு அதிகமிருக்கும் இடங்களில் காகிதக் கூழை உப்பில்லாத தண்ணீரில் பிசைந்து ஓரங்குல கனத்துக்கு அப்பி, காய்ந்தபின் உரித்தெடுத்தால் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு வரும். இரண்டு மூன்று சுற்று வேண்டும். கூழ் பிசைய அந்தப் பகுதிப் போர்த் தண்ணீரை எடுத்தால் உப்பை நாமே ஏற்றுவதாகிவிடும்.

கலவையைக் கண்டுபிடிப்பது

பழைய பூச்சில் என்ன இருந்தது என்று அறிய எளிய வழி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். உலர்த்திப் பொடித்த மாதிரி 100 கிராமை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணலும் செங்கல் தூளும் அடியில் தங்கும். கழுவி, உலர்த்தி, எடை போட்டால் விகிதம் கிடைக்கும். வண்டல் சிவந்திருந்தால் சுர்க்கி கலந்திருக்கிறது. ஆனால் வடசென்னையில் இந்தக் கணக்கு அடிக்கடி பொய் சொல்லும். இங்கே கரையோர மணலில் கிளிஞ்சல் துணுக்கு இருக்கும். சுண்ணாம்பும் பழவேற்காடு, எண்ணூர் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டெடுத்ததாக இருக்கலாம், அதில் வேகாத துணுக்குகள் தங்கியிருக்கும். அமிலம் இவற்றையும் கரைத்துவிடுவதால் சுண்ணாம்பு இருந்ததைவிட அதிகமாகத் தெரியும். அதை நம்பிக் கொழுத்த கலவை போட்டால் பூச்சு காயும்போது வலைபோல வெடிக்கும். அமிலத்தில் போடும் முன் பூதக்கண்ணாடியில் துணுக்குகளைப் பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆளை அனுப்பக் கூடாது. நீற்றிய விழுதை வலையில் வடித்து, மேலே இரண்டங்குலம் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் மூடிவைக்க வேண்டும். அவசரப்பட்டால் நீறாத துகள் சுவரில் போன பிறகு நீறும். பூச்சில் மிளகளவு குழிகள் தெறித்து விழும். பூச்சுக்கு விழுது ஒன்றுக்கு மணலும் சுர்க்கியுமாக இரண்டு முதல் இரண்டரைப் பங்கு, அடிப்பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். கத்திரி வெயிலில் பூச வேண்டி வந்தால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுண்ணாம்பு காய்வதால் இறுகுவதில்லை. ஈரத்தோடு காற்றின் கரியமில வாயுவைச் சாப்பிட்டு இறுகும். தை மாதம் தொடங்கி பங்குனிக்குள் பூச்சை முடிப்பது இந்த ஊருக்குத் தோதானது.

மின்கம்பிக்குப் பக்கத்தில் சாரம்

நடைமேடைப் பக்க வேலையில் 25,000 வோல்ட் மேல்கம்பி தலைக்கு மேல் போகிறது. கம்பிக்கு 2 மீட்டருக்குள் ஆளோ கருவியோ போகக் கூடாது. வீட்டு வேலைபோலச் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டிவிட்டு, நீளமான கட்டையை மேலே ஏந்துகிறபோதுதான் விபத்து. ஈரச் சவுக்கு மின்சாரத்தைக் கடத்தும். மேல்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் பவர் பிளாக் என்ற அனுமதியை எழுத்தில் வாங்கி, கம்பியை எர்த் செய்த பிறகே அந்தப் பக்கம் ஏற வேண்டும். பிளாக் கிடைப்பது பெரும்பாலும் இரவில், ஓரிரு மணி நேரம். சுண்ணாம்புப் பூச்சை அந்த இடைவெளியில் அடக்க முடியாது. ஆகவே சாரம் கட்டுவதையும் பிரிப்பதையும் மட்டும் பிளாக்கில் வைத்து, நடுவில் தடுப்புப் பலகை அடித்துப் பகலில் பூசும்படி திட்டம் போடுவது வழக்கம்.

ஓட்டலாக்கலாமா

இப்படிப்பட்ட கட்டிடத்தைத் தங்கும் விடுதியாக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது வரும். ரயில்வே ஓட்டல் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பூரியில் பெங்கால் நாக்பூர் ரயில்வே நடத்தியது பேர்பெற்றது. தெற்கே அந்த வேலையைச் சென்ட்ரல், எழும்பூர் மாடியில் இருந்த ரிட்டயரிங் ரூம்கள் பார்த்துக்கொண்டன. யோசனை கெட்டதல்ல, ஆளரவம் உள்ள கட்டிடம்தான் பிழைக்கும். சிக்கல் குளியலறையில். மெட்ராஸ் டெரஸ் மாடியில் குழாய் போட்டால் கசிவு நேராகத் தேக்கு முனைக்கு இறங்கும். ஏசி ஒவ்வொன்றும் சென்னைப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் சொட்டும். அந்தக் குழாயைப் பழைய கார்னிஸ் மேல் விட்டுவிடுவார்கள். தண்ணீர் புழங்கும் எல்லாவற்றையும், சமையலறை உட்பட, கட்டிடத்துக்கு வெளியே தனித் தொகுதியாகக் கட்டி, வராந்தா வழியாக இணைத்தால் பழைய சுவரைத் தொட வேண்டியதில்லை. அந்தக் காலத்து பங்களாவிலும் சமையலறை தனியாகத்தான் இருந்தது.

பெயின்ட்

இப்போது முகப்புக்கு வரலாம். முதலில் சுவர் காய்ந்ததா என்று பார்க்க, ஒரு மீட்டர் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விட வேண்டும். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். எமல்ஷன், எனாமல், வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் எதுவும் வேண்டாம். எல்லாம் சிமென்ட் செய்ததையே மெல்லிய தோலாகச் செய்யும். சுண்ணாம்பு அடிப்பதே சரி. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர், வடிகட்டி, மோர்போல நீர்த்து இருக்க வேண்டும். செங்காவி நிறம் வேண்டுமானால் காவியைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து, மொத்தத்துக்கும் ஒரே தடவையில் சேர்த்துவிட வேண்டும். இரண்டாம் வாளியில் அதே நிறம் வரவே வராது. சுவரை நனைத்து, ஒரு கோட் அடித்து, ஒருநாள் விட்டு அடுத்தது. அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, சுவர் அழுக்காகவே இருப்பதுபோல் தோன்றும். அதைப் பார்த்துக் கெட்டியாகக் கலக்கச் சொல்லுவார்கள், கலக்கினால் கையில் ஒட்டும். மூன்றாம் கோட் காயும்போதுதான் வெளுக்கத் தொடங்கும். ஐந்து கோட் போதும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்னால், மேலே இரண்டு கோட்.